வெண்ணெய் என்று பெயர் வைத்தவள்

இரும்புத் தடுப்பிலிருந்து மூன்றாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய முதல் நாற்காலி அக்காவுடையது. யாரும் அவள் பேருக்கு எழுதித் தரவில்லை. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே வந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு இடம் மாறும் அளவுக்குக் கத்தி, தனதாக்கிக்கொண்டாள். மல்யுத்தக்காரர்கள் முதல் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். வயது நாற்பத்து நான்கு. கையில் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது, தேவையும் இல்லை.

அந்தக் கூடம் முன்பு ஐஸ் தொழிற்சாலையாக இருந்தது. சுவரோரம் துருப்பிடித்த குழாய்கள் இன்னும் ஓடுகின்றன. நடுவில் ரிங். மூன்று கயிறு, பலகைமேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ், பலகைக்கு அடியில் ஒரு மைக். ஆள் விழுந்தால் வீடே இடிந்து விழுந்ததுபோல் சத்தம் கேட்பது அதனால்தான். நானூறு பேர் உட்காரலாம். பாதிப் பேர் அது நடிப்பு என்று தெரிந்து வருகிறவர்கள், மீதிப் பேர் தெரிந்தும் தெரியாத மாதிரி வருகிறவர்கள்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். வார நாட்களில் அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. வார்டுப் போர்வைகளும் ஆபரேஷன் பச்சைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து விழும். ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அதனால் ரிங்கில் ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் மூன்றாவது வரிசையிலிருந்தே சொல்லிவிடுவாள்.

"பிளேடுடா தம்பி. மணிக்கட்டு டேப்புல ஒளிச்சு வச்சிருந்தான். இப்ப கீறிக்கிட்டான். நெத்தி மேல்தோல்தான். வேர்வையோட சேர்ந்து வழியுது, அவ்வளவுதான்."

"நீ கொஞ்சம் வாய மூடிக்கிட்டுப் பாரேன்க்கா" என்பான் பக்கத்து நாற்காலியில் உட்காரும் அவள் கூடப்பிறந்த தம்பி.

தம்பிக்குப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை. அக்காவுக்கு நேர் எதிர் ரசனை. நாற்காலி பறக்க வேண்டும், மேசை உடைய வேண்டும், டியூப்லைட் முதுகில் சில்லு சில்லாக நொறுங்க வேண்டும். ரத்தம் வராத சண்டை அவனுக்கு உப்பில்லாத சாப்பாடு.

"அடிக்கிறது யாரு வேணா அடிக்கலாம்டா. நாற்காலிய எடுத்து மண்டையில போட நீ போதுமே! வாங்கத் தெரியணும். ஒருத்தன் முழங்கால்ல அடி வாங்கினா, பத்து நிமிஷம் கழிச்சு அவன் கயித்துல ஏறும்போதும் அந்தக் கால் நொண்டணும். நேத்து பட்ட அடி இன்னைக்கு மறந்துடுமா? உங்க ஆளுங்க மண்டை உடைஞ்சு ரெண்டே நிமிஷத்துல குதிரை மாதிரி ஓடறானுங்க."

"வேகம்க்கா, வேகம். உங்காளு ஒரு கையைப் புடிச்சுக்கிட்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருக்காரு. நான் அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடுவேன்."

'உங்காளு' என்று அவன் சொன்னது பூட்டுக்காரரை. ஐம்பதைத் தொட்ட மனிதர். மெலிந்த உடம்பு, வழுக்கைத் தலை, சாதாரணக் கறுப்பு ஜட்டி, ஆரவாரம் இல்லாத நடை. வார நாட்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ரிங்குக்குள் வந்தால் எதிராளியின் ஒரு விரலைப் பிடிப்பார். விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள். கடைசியில் ஆள் தரையோடு தரையாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் வலிக்கிற மாதிரி பூட்டுப்பட்டுக் கிடப்பான். பார்க்கிறவர்களுக்கே கை சுளுக்கும். ஆனால் அவரோடு மோதியவர்கள் யாரும் மறுநாள் வேலைக்கு லீவு போட்டதில்லை. அக்கா அவரை மதித்தது அதற்காகத்தான். மேலே கொலை வெறி, உள்ளே பூப்போலப் பிடி. அதுதான் வித்தை என்பாள்.

அவர் கீழே விழும்போதெல்லாம் இடது உள்ளங்கையால் தரையை ஓங்கித் தட்டுவார். விழுகிற வேகத்தைக் கை வாங்கிக்கொள்ளும், கழுத்து தப்பிக்கும். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அந்தத் தட்டு தவறி அக்கா பார்த்ததில்லை.

*

போன வருடக் கடைசியில் புதிதாக ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயது, கதவுபோல் தோள், வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிற வேலை. மேடைப் பெயர் 'இடி'. விளக்கை அணைத்து, இடிச் சத்தம் போட்டு, புகை விட்டு அவனை அழைத்து வந்தார்கள். வந்தவன் எதிராளியின் மார்பில் முழங்கையால் அடித்தான். அடி, தோலைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. எதிராளி அவசரமாகப் பின்னால் சாய்ந்து விழ, இடைவெளி நானூறு பேர் கண்ணுக்கும் தெரிந்தது.

கூடம் ஒரு நொடி அமைதியாக இருந்தது. அந்த ஒரு நொடி அக்காவுக்குப் போதும்.

"இடின்னு பேரு வச்சுக்கிட்டு வெண்ணெய் மாதிரி தடவுறியேடா! டேய் வெண்ணெய்! ரொட்டியில தடவு, போ!"

கூடமே சிரித்தது. பூட்டுக்காரர்கூட வாசல் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். மறு ஞாயிறு அவன் வந்தபோது இடிச் சத்தத்துக்கு மேலே நானூறு பேரும் ஒரே குரலில் "வெண்-ணெய்! வெண்-ணெய்!" என்று கைதட்டினார்கள். அதற்கடுத்த வாரம் யாரோ ஒரு ரொட்டியைத் தூக்கி ரிங்குக்குள் வீசினார்கள். அவன் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. அதைப் பார்த்துத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும்தான் சிரித்தாள். தான் வைத்த பேர் ஊர்ப் பேராகிவிட்டால் யாருக்குத்தான் பெருமை இருக்காது?

இரண்டு மாதத்தில் அவன் அடி மாறியது. சத்தத்தில்தான் அக்காவுக்கு முதலில் தெரிந்தது. நடிப்பு அடியில் உள்ளங்கை பட்டுப் 'பளார்' என்று கேட்கும். இது 'தொம்' என்று கேட்டது, மாவு மூட்டை விழுகிற மாதிரி. அவனோடு மோதிய ஒருவன் பல்லைத் துப்பினான். இன்னொருவனுக்குப் புருவம் கிழிந்து, டேப்பைத் தொடாமலே ரத்தம் கொட்டியது.

"இது பிளேடு இல்ல" என்றாள் அக்கா.

"அப்பாடா, இப்பதான் அவன் ஆம்பளையா அடிக்கிறான்" என்றான் தம்பி.

அக்காவுக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, அதை ஒளிப்பானேன்? வெண்ணெய் கெட்டியாகிவிட்டான் என்று அன்றைக்குக் கத்தினாள். கூடம் கைதட்டியது, அவளும் தட்டினாள். அவன் ரிங்கிலிருந்து மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்து, மார்பில் இரண்டு முறை குத்திக்கொண்டான்.

*

பூட்டுக்காரரும் வெண்ணெயும் மோதப்போகிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டியபோது அக்கா ஒரு வாரம் அதையே பேசினாள். சலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல், கூட வேலை செய்கிறவளிடம் சண்டை எப்படிப் போகும் என்று விளக்கினாள். "அவன் வேகமா வருவான். இவரு விரலைப் புடிப்பாரு. அவ்வளவுதான், அப்புறம் அவன் கத்தறதை நீ இங்க இருந்தே கேட்கலாம்."

முதல் பத்து நிமிடம் அவள் சொன்னதுபோலவேதான் நடந்தது. பூட்டுக்காரர் விரலைப் பிடித்தார், மணிக்கட்டுக்குப் போனார், முழங்கைக்குப் போனார். வெண்ணெய் முட்டிபோட்டு, முகம் கோணி, மறு கையால் கான்வாஸைப் பிறாண்டினான். வாங்குவதில் அவன் தேறிவிட்டான் என்று அக்கா மனசுக்குள் மார்க் போட்டாள். அவன் தப்பித்து எழுந்தபோதும் அந்தக் கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டான். மறக்கவில்லை. "பாத்தியா, பாத்தியா!" என்று தம்பியின் தொடையைக் கிள்ளினாள்.

பதினோராவது நிமிடம் வெண்ணெய் முழங்கையைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தான்.

மூக்கெலும்பு உடைகிற சத்தம் பலகை மைக் இல்லாமலே மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. ரத்தம் வழியவில்லை, தெறித்தது. ரெஃப்ரியின் வெள்ளைச் சட்டை முன்பக்கம் பூராவும் புள்ளி புள்ளியாகச் சிவந்தது. பூட்டுக்காரர் தள்ளாடினார், ஆனால் நின்றார். விரலைச் சுண்டி 'வா' என்றார். கூடம் எழுந்து நின்றுவிட்டது. வெண்ணெய் மறுபடி அடித்தான். அதே இடம். உடைந்த மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்றாவது அடி காதோரம். மூவாயிரம் முறை பார்த்த கண்ணுக்குத் தெரியும், எந்த அடியும் கடைசி அங்குலத்தில் நிற்கவில்லை.

"அடிடா! போடுடா!" தம்பி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்.

வெண்ணெய் அவரை இடுப்போடு கட்டித் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோனான். இந்தத் தூக்கில் விழுகிறவர் கழுத்தை மடக்கி முதுகு படும்படி திரும்பிக்கொள்ள வேண்டும். தூக்குகிறவன் அதற்கு ஒரு நொடி விட வேண்டும். வெண்ணெய் அந்த நொடியை விடவில்லை. பூட்டுக்காரருக்கு அந்த நொடியைக் கேட்க நினைவும் இல்லைபோலிருந்தது. தலையின் பின்பக்கம் முதலில் தரையில் மோதியது.

இடது கை தட்டவில்லை.

அக்கா அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய வலது கை மெல்ல மேலே எழுந்து, விரல்கள் கொக்கிபோல் வளைந்து, காற்றில் விறைத்து நின்றது. கால் இரண்டும் கட்டைபோல் நீண்டிருந்தன. வாயிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம்.

கூடம் கைதட்டி ஆர்ப்பரித்தது. பார்த்தவர்களுக்கு அது பிரமாதமான நடிப்பு.

"நிறுத்து! நிறுத்துங்கடா! அவருக்கு நினைவு இல்ல!" அக்கா கத்தினாள். முன்வரிசைக்காரர் திரும்பி, சிரித்துக்கொண்டே கட்டை விரலைக் காட்டினார். ஆறு வருடமாகக் கத்துகிறவளின் குரலை யார் நம்புவார்கள்? ரெஃப்ரி அந்த நேரம் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி உசுப்பேற்றிக்கொண்டிருந்தான். வெண்ணெய் முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக் கம்பத்தின் மேல் ஏறத் தொடங்கினான். மேலிருந்து குதித்து முழங்காலை மார்பில் இறக்குவது அவனுடைய கடைசி அடி. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் முடிப்பான்.

அக்கா தடுப்பில் கால் வைத்தாள். செருப்பு ஒன்று கம்பியில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டாள். காவல் ஆள் தோளைப் பிடித்தான். சலவை மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய முழங்கையால் அவன் வாயில் ஒரு இடி. அவன் உதடு கிழிந்து பின்வாங்கினான். கீழ்க் கயிற்றுக்கு அடியில் உருண்டு உள்ளே போனாள். கான்வாஸ் வழுக்கியது. பூட்டுக்காரர் மேல் குறுக்காகக் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். தலையில் அடிபட்டவனின் கழுத்தைத் திருப்பாதே என்று வார்டு ஆட்கள் கத்துவது தினமும் காதில் விழுவதுதான்.

வெண்ணெய் அதற்குள் கம்பத்தை விட்டுப் பறந்துவிட்டான். நடுக்காற்றில் அவளைப் பார்த்தான். தலையைத் திருப்பிப் பார்த்த அவளுக்கே அவன் கண் விரிந்தது தெரிந்தது. திரும்ப முயன்றான், முடியவில்லை. நூறு கிலோ உடம்பும் ஒரு முழங்காலாகக் கூர்ந்து அவள் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இறங்கியது.

காறை எலும்பு முறிந்ததை வலியாக அல்ல, வெளிச்சமாகத்தான் அவள் உணர்ந்தாள். கண்ணுக்குள் ஏதோ வெடித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. வாயைத் திறந்தால் இரும்பு ருசி. ஆனால் பிடித்த தலையை விடவில்லை. விரலிடுக்கில் அவருடைய ரத்தம் சூடாக ஒழுகிக்கொண்டிருந்தது.

நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்றாவது வரிசை அக்காவையே கதையில் சேர்த்துவிட்டார்கள் என்று அவர்களுக்கு ஆனந்தம்.

தம்பிக்கு மட்டும் புரிந்தது. அவன் நாற்காலியோடு வந்தான். ரிங்கில் நாற்காலியின் தட்டைப் பக்கத்தால் முதுகில் அடிப்பார்கள், சத்தம்தான் பெரிதாக வரும். தம்பி அதை மடக்கி, விளிம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏறினான். வெண்ணெய் மண்டியிட்டு, "அக்கா, அக்கா" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். நாற்காலி விளிம்பு அவன் காதுக்கு மேலே இறங்கியது. தோல் வாய்போல் பிளந்து வெள்ளையாக உள்ளே தெரிந்தது, பிறகு சிவந்தது. வெண்ணெய் தடுக்கக்கூடக் கை தூக்கவில்லை. தம்பி மறுபடி ஓங்கினான். இந்த முறை புறங்கழுத்து. மூன்றாவது முறை ஓங்கும்போது அக்கா தரையிலிருந்து, மூச்சில்லாத குரலில், "போதும்டா" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. அடி தோளில் விழுந்தது. நாற்காலியின் கால் ஒன்று உடைந்து கயிற்றுக்கு வெளியே பறந்தது.

கைதட்டல் அப்போதுதான் நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள். ரெஃப்ரி மணியை விடாமல் அடித்தான்.

*

பூட்டுக்காரருக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்று மாலையே மண்டையில் ஓட்டை போட்டு எடுத்தார்கள். பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். அக்காவுக்குக் காறை எலும்பு இரண்டு துண்டு, விலா எலும்பில் மூன்று விரிசல். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் வார்டிலேயே, கூட வேலை செய்கிறவள் துவைத்துத் தேய்த்த போர்வையில் படுத்துக் கிடந்தாள். தம்பியை போலீஸ் இரண்டு நாள் உள்ளே வைத்தது.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் வெண்ணெய் வந்தான். தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றான்.

"உட்காரு" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா. உங்க தம்பி மேல புகார் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். சாயங்காலம் விட்டுடுவாங்க."

"மண்டையைப் பொளந்திருக்கான், புகார் இல்லன்னா என்ன அர்த்தம்?"

"படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்."

"போலீஸ்காரன் நம்பினானா?"

"சிரிச்சான்."

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. விலா குத்தியதில் அது பாதியில் நின்றது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"உனக்கு அவர் மேல என்னடா கோபம்?" என்று கேட்டாள்.

"அவர் மேலயா? புடிக்க, விழச் சொல்லிக்குடுத்தவரே அவர்தானேக்கா. எனக்கு எல்லாமே அவர்தான்." நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. "சாமான் தூக்கப் போனா அங்கயும் வெண்ணெய்னு கூப்புடறாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். பொண்ணோட அண்ணன் என் முகத்தைப் பார்த்துட்டு, ஏய், வெண்ணெய்யான்னு கேட்டான். எங்கம்மா எழுந்து வந்துட்டாங்க." நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். "அடிச்சாதான் கைதட்டறீங்க. நீங்களும்தான்க்கா தட்டினீங்க. நான் பாத்தேன்."

அவனை வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். "தட்டினேன்" என்று மட்டும் சொன்னாள்.

*

நான்கு மாதம் கழித்து பூட்டுக்காரரின் மனைவி சலவைப் பிரிவுக்கே தேடிக்கொண்டு வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு நின்றார்.

"அந்தச் சண்டை அவருக்குச் சுத்தமா ஞாபகம் இல்லைங்க. அந்த நாளே இல்ல. எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு என்னைக் கேட்டுக் கொல்றாரு. நான் ஒருநாளும் உள்ள வந்து பார்த்தவ இல்ல. மூணாவது வரிசைய கூப்பிடு, அதுதான் சரியா சொல்லும்ங்கறாரு. ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா?"

மறுநாள் காலை அக்கா போனாள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. லிஃப்ட் கிடையாது, அதைச் சொல்லி அவரே சிரித்தார். சிரிப்பு ஒரு பக்க வாயில்தான் வந்தது. வழுக்கைத் தலையில் குதிரை லாடம்போலத் தழும்பு. வலது கை மடியில் கிடந்தது. பேச்சு, நீருக்கடியிலிருந்து வருவதுபோல் மெதுவாக வந்தது.

"சொல்லுங்க. சண்டை எப்படி?"

அக்கா சொன்னாள். விரலிலிருந்து தொடங்கினாள். மணிக்கட்டுக்கு எப்போது போனார், வெண்ணெய் எந்தக் கையால் பிறாண்டினான், தப்பித்தபின் கையை எப்படி ஒட்டி வைத்துக்கொண்டான் என்று நிமிடம் நிமிடமாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடது கால் லேசாகத் தாளம் போட்டது.

"நல்லா இருந்துச்சா?"

"பத்து நிமிஷம் நான் பார்த்ததுலயே நல்ல சண்டை."

"அப்புறம்?"

"அப்புறம் அது சண்டையே இல்லைங்க. தெரு அடிதடி." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவனை அப்படி ஆக்கினது நான்தான். பேரு வச்சது நான். பல்லு பறக்குதுன்னு தெரிஞ்சும் கைதட்டினது நான். உங்ககிட்ட அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பூட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் வார்த்தையைத் தேடினார். மனைவி உதவ வந்தபோது இடது கையால் நிறுத்தினார்.

"அந்த நாள்தான் ஞாபகம் இல்ல. முந்தின வியாழக்கிழமை ஞாபகம் இருக்கு. பயிற்சிக்கு வந்தான். அழுதான். விட்டுட்டுப் போறேன்னான். நான் சொன்னேன்... ஞாயித்துக்கிழமை என்னை நிஜமா அடி. மூக்கு உடைஞ்சாலும் பரவாயில்ல. நான் நின்னு காட்டறேன். அந்த மூணாவது வரிசை வாயை ரெண்டு பேருமா சேர்ந்து அடைப்போம்னு."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கையில் இருந்த டம்ளரை மெல்ல மேசைமேல் வைத்தார். அவருக்கும் இது புதிய சேதி என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா எழுந்து நின்றாள். நான்கு மாதமாக உள்ளே அழுந்திக் கிடந்த குரல் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"உங்களுக்கு அறிவு இருக்கா? இத்தனை வருஷம் ஒருத்தன் சுண்டு விரலுக்குச் சேதம் இல்லாம விளையாடின ஆளு! அந்தப் பையன் அழுதா கண்ணைத் தொடச்சு விடறதை விட்டுட்டு, மூஞ்சிய காட்டிட்டு வந்தீங்களா? நான் வாய் கிழியக் கத்தற பொம்பளை. எனக்காக மூக்கை உடைச்சுக்குவீங்களா? நான் யாருங்க உங்களுக்கு?"

"திட்டுங்க" என்றார் மனைவி. அழுதுகொண்டே சொன்னார். "நல்லாத் திட்டுங்க. எனக்கு வாய் வரல."

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். "ஆறு வருஷமா நீங்க ஒருத்தர் கத்தறதைக் கேட்டுத்தான் அன்னைக்கு நல்லா பண்ணினோமா இல்லையான்னு தெரிஞ்சுக்குவேன். வீட்டுக்கு வந்தும் அதையே நினைப்பேன்" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "அவன் எங்க?" என்று கேட்டார்.

"ரிங்குப் பக்கமே வர்றதில்ல. இந்த வீட்டுத் தெருமுனை வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போயிட்டானாம். என் தம்பிகிட்ட சொல்லியிருக்கான்."

"உங்க தம்பிகிட்டயா?"

"ஆமா. மண்டையை உடைச்சவனும் உடைபட்டவனும் இப்ப ஒண்ணா டீ குடிக்கறானுங்க. என்ன ஜென்மங்களோ!"

அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அடங்கியபின், "கூட்டிட்டு வாங்க" என்றார். "தப்பு அவனோடது மட்டும் இல்லன்னு நான் என் வாயால சொல்லணும். வாய் இருக்கும்போதே சொல்லிடறேன்."

அக்கா படியில் இறங்கும்போதே வெண்ணெய்க்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் சாமான் இறக்குகிற சத்தமும் யாரோ அவனை அதட்டுகிற சத்தமும் கேட்டன.

"இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா."

"நாளைக்குக் காலைல பத்து மணி. நானும் கூட வர்றேன். அவர் பேசறது மெதுவா இருக்கும், நடுவுல பேசாத. முழுசா கேளு."

"அவங்க வீட்டுக்காரம்மா?"

"அடிக்க மாட்டாங்க. ஆனா திட்டுவாங்க. வாங்கிக்க."

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் தெருமுனையில், சலவை செய்த சட்டையில், கையில் ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தான். அக்கா அவன் முழங்கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனவன் ஒருமணி நேரத்துக்கு மேல் இருந்தான். மூன்று பேரும் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வெளியே படிக்கட்டில், வலிக்கிற தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.